மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு இஞ்சினை எப்படி நிறுத்தி வைப்பது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில் கிடக்கும்போது டீசல் இஞ்சினுக்கு என்ன செய்து வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையதும் கடல்நீரால் குளிரும் கூலர் உள்ள இஞ்சின் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கிறேன். தடைக்காலம் 45 நாளாக இருந்தவரை பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம், ஒன்றும் ஆனதில்லை. 2017-இல் அது 61 நாளானபோதும் பாதி டேங்க் டீசலோடு அப்படியே விட்டுவிட்டேன். தடை முடிந்து புறப்பட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. கடல்நீர்ப் பம்பைத் திறந்தால், உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரில் இரண்டு இதழ்களைக் காணவில்லை. மற்றவை இரண்டு மாதம் ஒரே நிலையில் அழுந்திக் கிடந்ததில் வளைந்தபடியே இறுகி, அடியில் வெடித்திருந்தன. ஒடிந்த துண்டுகள் கூலர் குழாய்களின் வாயை அடைத்திருந்தன. டீசல் பில்டரின் கிண்ணத்திலோ தண்ணீரும் அதன்மேல் கறுத்த கொழகொழப்பும் நின்றன. இன்னொரு படகுதான் கயிறு கட்டி எங்களை இழுத்து வந்தது. நல்ல மீன்பாடு கிடைக்கும் அந்த முதல் வாரம் முழுவதும் பட்டறையில் போயிற்று.

அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டும் நல்ல தண்ணீரை விட்டுக் கூலரின் உப்பைக் கழுவி, நீரை முழுவதுமாக வடித்து, இம்பெல்லரைக் கழற்றிவிடுகிறேன். பழைய ஆயிலில் கரியும் அமிலமும் சேர்ந்திருக்கும் என்பதால், இஞ்சின் சூடாக இருக்கும்போதே அதை வடித்துப் புது ஆயில் ஊற்றி, சில நிமிடங்கள் ஓட்டியபின் நிறுத்துகிறேன். டேங்கைக் கழுத்துவரை நிரப்புகிறேன். காலி இடம் இருந்தால் அங்குள்ள ஈரக்காற்று இரவில் குளிர்ந்து, தண்ணீராகி, டீசலுக்கு அடியில் தங்கும். அந்த நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில்தான் நுண்ணுயிர்கள் வளர்ந்து பில்டரை அடைக்கின்றன. வருமானமே இல்லாத இரண்டு மாதத்துக்கு முன்னால் டேங்கை நிரப்பப் பணம் ஏது என்று சிலர் கேட்பீர்கள். அது நியாயமான கேள்விதான். இயலாதவர்கள், தடை முடிந்ததும் டேங்கின் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து, தண்ணீர் நின்று தெளிந்த டீசல் வரும்வரை விட்ட பிறகே இஞ்சினைக் கிளப்புங்கள்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்டினால் போதுமே என்று மூத்த மெக்கானிக்குகளே சொல்வார்கள். அவர்கள் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் ஆயில் நன்றாகச் சூடேறாது. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகி வெளியேறாமல் அங்கேயே தங்கிவிடும். படகு கரையேற்றப்பட்டிருந்தால் கடல்நீரும் வராது, இம்பெல்லர் வறண்டு சுழன்று பொசுங்கிவிடும்.

காற்று நுழையும் வாயையும் சைலன்சர் வாயையும் எண்ணெயில் நனைத்த துணியால் இறுகக் கட்டுங்கள். உப்புக்காற்று உள்ளே போனால் சிலிண்டர் சுவர் துருப்பிடிக்கும். கழற்றிய இம்பெல்லரை நான் ஒரு பையில் போட்டு ஸ்டார்ட்டர் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன். ஜூன் 14 இரவு அவசரத்தில் யார் சாவியை எடுத்தாலும், பம்பில் இம்பெல்லர் இன்னும் மாட்டப்படவில்லை, துணி இன்னும் அவிழ்க்கப்படவில்லை என்பது அவர் கையிலேயே தெரியும்.