சாக்கேயைத் தொழிலாகக் கொள்வது

வணக்கம் ஐயா,

ஒசாகாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுவேன், ஓரளவு வாசிப்பேன். ஜப்பானிய அரிசி மதுவான சாக்கேயைத் தயாரிக்கும் ஆலைகளுக்குப் போய்வரப் போய்வர, அதைப் பிற நாடுகளுக்கு அறிமுகம் செய்வதையே தொழிலாக்கிக்கொண்டால் என்ன என்று தோன்றுகிறது. ஜப்பானியர் அல்லாத எனக்கு இதில் இடமுண்டா? வேலையை விட்டுவிடலாமா? வீட்டில் "சாராயம் விற்கவா அவ்வளவு தூரம் போனாய்" என்கிறார்கள்.

ச., ஒசாகா

அன்புள்ள ச.,

இடம் உண்டு. ஆங்கிலத்தில் சாக்கே பற்றிப் பேசியவர்களில் முதன்மையானவரான ஜான் கான்ட்னர் அமெரிக்கர், மின்பொறியியல் படித்தவர். 1988-ல் ஆங்கிலம் கற்பிக்க ஜப்பான் போனார். 1994-ல் ஜப்பான் டைம்ஸ் நாளிதழில் சாக்கே பற்றிப் பத்தி எழுதத் தொடங்கினார். நூல்களும், வணிகர்களுக்கும் உணவகக்காரர்களுக்குமான பயிற்சி வகுப்புகளும் அதற்குப் பிறகு வந்தவை. பிலிப் ஹார்ப்பரும் அதே 1988-ல் பிரிட்டனிலிருந்து ஆசிரியராக வந்தவர்தான். அவர் ஆலைக்குள்ளேயே போய்விட்டார். தொழிலாளியாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, ஜப்பானியர் அல்லாத முதல் தோஜி, அதாவது ஆலையின் தலைமை வினைஞர் ஆனார். கியோட்டோ மாநிலத்தின் வடகோடியில் கினொஷிதா ஆலையின் தமாகாவா சாக்கே அவர் கைப்பக்குவம்.

இவர்களுக்கு இடம் கிடைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானுக்குள் சாக்கே குடிப்பது 1970களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கிக்கொண்டே வந்தது. இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஏற்றுமதியோ 2022-ல் சுமார் 4,750 கோடி யென். ஆலைகளில் பெரும்பாலானவை தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் நடத்துபவை. நல்ல சரக்கு இருக்கிறது, அதைப் பற்றி வெளியூர்க்காரரிடம் எடுத்துச்சொல்ல ஆளில்லை.

எடுத்துச்சொல்வது எளிதல்ல. "இது அரிசியில் செய்த ஒயினா, சூடாகத்தான் குடிக்க வேண்டுமா?" என்று லண்டனில் ஒருவர் கேட்கும்போது, உங்கள் மனக்கண்ணில் கோஜி அறை தெரிய வேண்டும். ஆவியில் வேகவைத்த அரிசியை வெதுவெதுப்பான அறையில் பரப்பி, கோஜிப் பூஞ்சையின் வித்துத்தூளை மேலே தூவுகிறார்கள். ஏறக்குறைய இரண்டு நாள், நடுராத்திரியிலும் யாராவது எழுந்துவந்து சூடு பார்த்துக் கட்டியை உடைத்துவிட வேண்டும். பிறகு ஒரே தொட்டியில், ஒரே நேரத்தில், கோஜி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. பீரில் இவை இரண்டும் தனித்தனிக் கட்டங்கள். காய்ச்சி வடிக்காமலேயே ஆல்கஹால் 20 சதவீதம் வரை ஏறுவது இதனால்தான். பெரும்பாலும் நீர் சேர்த்து 15, 16-க்கு இறக்கிப் புட்டியில் அடைப்பார்கள். இதைக் கேட்பவர் அலுக்காதபடி இரண்டு நிமிடத்தில் சொல்ல முடிந்தால் உங்களுக்கு வேலை இருக்கிறது.

கிடங்கையும் மறந்துவிடாதீர்கள். சூடுபடுத்திப் பதப்படுத்தாத நாமாஸாக்கே குளிர்ப்பெட்டிக்கு வெளியே கிடந்தால் கெட்டுவிடும். கெட்ட புட்டியைக் குடித்தவர் சாக்கேயே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுவார். வாங்கும் கடையில் குளிர்ப்பெட்டி இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பதும் இந்தத் தொழில்தான்.

வேலையை இப்போது விடாதீர்கள். முதலில் தொடர்ந்து எழுதுங்கள், ஆங்கிலத்திலும் தமிழிலும். ஆலைகளில் குளிர்காலம்தான் முக்கியப் பருவம். ஒரு சிறிய ஆலையில் அனுமதி கேட்டுக் கூடவே இருந்து பாருங்கள், உங்கள் விசா எதை அனுமதிக்கிறது என்பதை விசாரித்துக்கொண்டு. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற மதுவகைக் கல்வி நிறுவனம் சாக்கேக்கென்றே சான்றிதழ் படிப்பு நடத்துகிறது, அதையும் முடித்துவிடுங்கள். இந்தியாவை முதல் சந்தையாக எண்ண வேண்டாம். மாநிலத்துக்கு மாநிலம் மது விதிகள் வேறு, இறக்குமதி வரியும் கடுமை.

வீட்டாரிடம் வாதாடாதீர்கள். குடி எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்று கண்ணால் கண்டவர்கள் அப்படித்தான் கேட்பார்கள், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சாக்கே தயாரிக்கும் மரபறிவை யுனெஸ்கோ 2024-ல் பண்பாட்டு மரபாக ஏற்றதைச் சொல்லலாம். ஆனால் அது உடம்புக்கு நல்லது என்று மட்டும் வீட்டிலும் சொல்லாதீர்கள், நாளை விற்கும் இடத்திலும் சொல்லாதீர்கள்.

எழுதியதை அனுப்புங்கள், படிக்கிறேன்.