எஸ்எஸ்ஹெச் அப்டேட்: ஆடிட் அறிக்கையைக் கண்டு கம்பைல் செய்யக் கிளம்பாதீர்கள்

கேள்வி: வணக்கம் மேடம். ஒரு தனியார் கல்லூரியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். மாணவர் சேர்க்கைக்கான சர்வரில் உபுண்டு 22.04 லினக்ஸ் ஓடுகிறது. ஆடிட் செய்தவர்கள், "ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.9பி1 ஆபத்தானது, உடனே 9.8பி1க்கு மாற்றவும்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சோர்ஸ் கோடை இறக்கி நாமே கம்பைல் செய்து, அதாவது ஓடும் புரோகிராமாக மாற்றி, போட்டுவிடலாம் என்கிறார் சீனியர் ஒருவர். சர்வர் இருப்பது வெளியூர் டேட்டா சென்டரில். தூரத்திலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச் போய்விட்டால் உள்ளே போக வேறு வழி எனக்குத் தெரியாது. என்ன செய்வது?
*– வாசகர், ஈரோடு*

பதில்: கம்பைல் செய்ய வேண்டாம். உங்கள் சீனியர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இந்த இடத்துக்கு அது பொருந்தாது.

அறிக்கை சொல்லும் ஓட்டை எதுவென்று ஊகிக்க முடிகிறது. 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனம் வெளியிட்டது, சிவிஇ-2024-6387 என்று எண். லாகின் செய்ய வந்தவர் குறித்த நேரத்துக்குள் செய்து முடிக்காவிட்டால் சர்வர் இணைப்பைத் துண்டிக்கும் அல்லவா, அந்த நொடியில் நடக்கும் ஒரு குளறுபடியைப் பயன்படுத்தி ரூட் அதிகாரம் வரை போக முடியும். 2006-லேயே அடைத்த ஓட்டை அது. 2020-ல் செய்த ஒரு கோட் மாற்றத்தில் மறுபடி திறந்துகொண்டது. 8.5பி1 முதல் 9.7பி1 வரை பாதிப்பு, 9.8பி1-ல் தீர்வு. இந்தக் கணக்கை வைத்துத்தான் ஆடிட் கருவி உங்கள் 8.9-ஐ ஆபத்து என்கிறது.

ஆனால் உபுண்டு இப்படிப் பதிப்பு விட்டுப் பதிப்பு தாவுவதில்லை. புதிய பதிப்பிலிருந்து தீர்வை மட்டும் எடுத்து, பழைய 8.9-க்குள்ளேயே பேட்ச்சாக (ஒட்டுத்திருத்தமாக) சேர்த்துவிடும். அதனால் முன்பாதி எண்ணைப் பார்த்துப் பயனில்லை, பேக்கேஜின் முழு எண்ணைப் பாருங்கள். 8.9பி1-3உபுண்டு0.10 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த ஓட்டை அடைபட்டுவிட்டது. உபுண்டு வெளியிட்ட யுஎஸ்என்-6859-1 அறிவிப்பை அச்செடுத்து, உங்கள் சர்வரின் முழு எண்ணோடு சேர்த்து ஆடிட்டருக்கு அனுப்புங்கள். முறையான ஆடிட்டர் ஏற்றுக்கொள்வார். 2014-ல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வந்தபோதும் இதே குழப்பம்தான். தீர்வு 1.0.1ஜி-யில் என்று ஊரெல்லாம் பேச்சு. டெபியன் 7 லினக்ஸிலோ பேட்ச் போட்ட பிறகும் 1.0.1இ என்றே காட்டியது.

கம்பைல் செய்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சீனியரிடம் பேச உதவும். சோர்ஸிலிருந்து போடும்போது, நாம் வேறு இடம் சொல்லாவிட்டால், அது யூஎஸ்ஆர்-லோக்கல் என்ற தனி ஃபோல்டருக்குள் போய் உட்காரும். பதிப்பைக் கேட்டால் 9.8 என்று வரும். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். ஆனால் சர்வீஸ்களைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி ஓட்டுவது, பழைய இடத்தில் இருக்கும் பழைய எஸ்எஸ்ஹெச்டி-யை, அதாவது எஸ்எஸ்ஹெச்-சின் சர்வர் புரோகிராமைத்தான். வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கதவு திறப்பது இன்னும் அதே பழைய புரோகிராம்! இதைவிட ஆபத்தான நிலை வேறு இல்லை. லாகினைச் சரிபார்க்கும் பிஏஎம் அமைப்பின் ஆதரவு வேண்டுமென்று தனியாகக் கேட்டால்தான் சேரும், அதை மறந்தால் ஓடிபி லாகின் போன்றவை நின்றுபோகும். எல்லாம் சரியாகவே செய்தாலும், அடுத்த ஓட்டை வெளிவரும் நாளில், உபுண்டுவில் அப்டேட் போடும் கருவியான ஆப்ட் உங்கள் பிரதியைத் தொடாது. அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். நீங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால் யார் தலையில்?

சரி, எண் பழையதாகவே இருந்தால் ஆப்ட் வழியாக அப்டேட் செய்யுங்கள். அதற்கு முன், டேட்டா சென்டர்காரர்களிடம் வெப் கன்சோல் (எஸ்எஸ்ஹெச் இல்லாமலே பிரவுசர் வழியாக சர்வருக்குள் போகும் வசதி) உண்டா என்று கேட்டு, ஒருமுறை அதில் லாகின் செய்து பார்த்துவிடுங்கள். உங்கள் பயத்துக்கு உண்மையான மருந்து அதுதான். அப்புறம் எஸ்எஸ்ஹெச்டி-யை '-t' (சிறிய எழுத்து) என்ற சோதனை ஆப்ஷனோடு ஓட்டுங்கள். எப்போதோ யாரோ அமைப்புக் கோப்பில் எழுத்துப்பிழை விட்டிருந்தால் இதில் தெரிந்துவிடும். இதை முன்கூட்டியே செய்யக் காரணம் உண்டு: பேக்கேஜ் ஏறி முடிந்ததும் சர்வீஸைத் தானே ரீஸ்டார்ட் செய்யும். பிழை இருந்தால் அந்தக் கணத்தில் சர்வீஸ் எழாது. நெட் இடையில் அறுந்தாலும் வேலை தொடர, அப்டேட்டை டிமக்ஸ் என்ற கருவிக்குள் ஓட்டுங்கள். அமைப்புக் கோப்பை மாற்றட்டுமா என்று கேட்டால், இருப்பதையே வைத்துக்கொள் என்று சொல்லுங்கள்.

ரீஸ்டார்ட் ஆனாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அறுந்துவிடாது. அதை அப்படியே விட்டுவிட்டு, புது விண்டோவில் புதிதாக லாகின் செய்து பாருங்கள். உள்ளே போக முடிந்த பிறகுதான் பழையதை மூட வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை என்னிடம் வேலை கற்ற ஒவ்வொருவரிடமும் வற்புறுத்தியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, ஓபன்எஸ்எஸ்எல் அப்டேட் செய்தாயிற்று. சர்வரை ரீபூட் செய்தே ஆக வேண்டுமா?
*– வாசகி, மதுரை*

பதில்: ரீபூட் கட்டாயமில்லைம்மா. ஆனால் ஏதாவது ஒன்று செய்தே ஆக வேண்டும். ஓபன்எஸ்எஸ்எல் ஒரு லைப்ரரி, பல புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோட். டிஸ்கில் புதியது வந்துவிட்டாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் சர்வர்) எல்லாம் மெமரியில் பழையதைத்தான் பிடித்து வைத்திருக்கும். நீட்ரீஸ்டார்ட் கருவியை ஓட்டினால் எந்தெந்த சர்வீஸ் பழையதைப் பிடித்திருக்கிறது என்று காட்டும். அவற்றை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். பட்டியல் நீளமாக இருந்தால் இரவில் ஒரு ரீபூட் போட்டுவிடுங்கள், மனம் நிம்மதி.

சில சமயம் அப்டேட்டோடு வேலை முடியாது. 2006 செப்டம்பர் முதல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் ஒரு கோளாறு இருந்தது. குறியாக்கச் சாவி உருவாக்கத் தேவையான சீரற்ற தன்மை போய், ஓடும் புரோகிராமுக்குச் சிஸ்டம் தரும் பிராசஸ் எண் மட்டுமே மிஞ்சியது. ஒவ்வொரு வகையிலும் அளவிலும் 32,768-க்குள் அடங்கும் சாவிகள். எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாரித்து வைத்துத் திறந்து பார்த்துவிடலாம். 2008 மே 13 அன்று தீர்வு வந்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் உருவான சாவிகள் தாமாகச் சரியாகிவிடுமா? அவற்றைத் தூக்கிப் போட்டுப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. ஹார்ட்பிளீட்டிலும் அப்படித்தான், ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வர் மெமரி வெளியே போனதால், சான்றிதழையும் மாற்றச் சொன்னார்கள். அதனால் பாதுகாப்பு அறிவிப்பு வந்தால் கடைசி வரி வரை படியுங்கள். சாவியை மாற்று என்று அங்கே எழுதியிருந்தால், அப்டேட் பாதி வேலைதான்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ். ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2கே. வெப்சைட் இணைப்பைக் குறியாக்கும் டிஎல்எஸ் முறையில் 1.3 பதிப்பு வேண்டும் என்கிறார்கள். 3.x போடலாமா?
*– வாசகர், திருச்சி*

பதில்: சிஸ்டத்தின் லிப்கிரிப்டோவை (ஓபன்எஸ்எஸ்எல்லின் லைப்ரரிக் கோப்பு) தொடாதீர்கள். புதிய லைப்ரரிக்குப் பழைய பெயரில் சிம்லிங்க் (குறுக்குவழி இணைப்பு) போடும் குறிப்புகளையும் பின்பற்றாதீர்கள். எஸ்எஸ்ஹெச்டி, ஏன், பேக்கேஜ்களைப் போடும் யம் கூட அதை நம்பித்தான் ஓடுகிறது. யம் உடைந்தால் சரிசெய்யும் கருவியே கையில் இருக்காது. வெப்சைட்டுக்கு மட்டும் அவசரம் என்றால், என்ஜின்எக்ஸைக் கம்பைல் செய்யும்போது புதிய ஓபன்எஸ்எஸ்எல் சோர்ஸை அதற்குள்ளேயே சேர்த்துவிடலாம், மற்றவை பாதிக்கப்படாது. ஆனால் சென்ட்ஓஎஸ் 7-க்கு ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. கெர்னல் முதல் எதற்கும் அங்கிருந்து பேட்ச் வராது. சென்ட்ஓஎஸ்-க்கு மாற்றான அல்மாலினக்ஸ் 9 அல்லது ராக்கி லினக்ஸ் 9-ல் ஒரு புது சர்வர் வாங்கி, பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நகர்த்துங்கள். மேலதிகாரியிடம் பணம் கேட்கும்போது அந்த ஜூன் 30 தேதியைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.