விரலை அசைக்க முடிந்தால் எலும்பு உடையவில்லை என்று அர்த்தமா?

கால் பிசகி வெளிப்பக்கம் வீங்கிவிட்டது, ஆனால் விரல்களை அசைக்க முடிகிறது, அப்படியானால் வெறும் சுளுக்குதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. விரல்களை இழுக்கும் முக்கியமான தசைகள் முழங்காலுக்குக் கீழே இருக்கின்றன. கணுக்கால் உடைந்தாலும் அவை பாட்டுக்கு வேலை செய்யும். வீக்கத்தையும் நம்பாதீர்கள். ஜவ்வு நன்றாகக் கிழிந்த சுளுக்கு, சின்ன விரிசலைவிட அதிகமாக வீங்கிக் கன்றிப்போகும். 'டக்' என்ற சத்தம் இரண்டிலும் கேட்கலாம்.

எங்கே அழுத்தினால் வலிக்கிறது, நான்கு அடி நடக்க முடிகிறதா, இந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும். 1992இல் கனடா மருத்துவர்கள் வெளியிட்ட ஒட்டாவா விதிகளின் சாரம் இது.

வலிக்கும் இடத்திலிருந்து தள்ளி ஆரம்பியுங்கள். வெளிக் கரண்டை எலும்பின் (கணுக்காலின் வெளிப்பக்கம் புடைத்துத் தெரிவது) பின்விளிம்பில், நுனியிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் தொடங்கி, ஒரே விரலால் அழுத்தியபடி கீழே நுனிவரை வாருங்கள். உள் கரண்டையிலும் அப்படியே. அடுத்து பாதத்தின் வெளி ஓரம். குதிகாலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். பாதம் உள்பக்கம் மடங்கும்போது அங்கே ஒட்டியிருக்கும் தசைநார் எலும்புத் துண்டையே பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். கரண்டையை மட்டும் பார்ப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கடைசியாக, உள் கரண்டைக்குச் சற்று முன்னால், பாத வளைவின் மேலுள்ள எலும்பு. இந்த நான்கில் எங்கே அழுத்தி வலித்தாலும் எக்ஸ்ரே தேவை. அடிபட்டவுடனும் முடியாமல், இப்போதும் நான்கு அடி வைக்க முடியாவிட்டாலும் தேவை. நொண்டி நடந்தாலும் நடந்ததாகவே கணக்கு. வெளிக் கரண்டைக்கு முன்னால், கீழே உள்ள மெத்தென்ற பள்ளத்தில் மட்டும் வலித்தால் பெரும்பாலும் சுளுக்கு.

"எக்ஸ்ரே இல்லாமல் எப்படிச் சொல்லலாம்" என்று சிலர் வருவார்கள். யாருக்கு எக்ஸ்ரே வேண்டும் என்று பிரிக்கத்தான் இந்த விதிகள். எலும்பில் வலித்தாலே முறிவு என்று அர்த்தமில்லை. கதிர்வீச்சுக்குப் பயந்து தள்ளிப்போடவும் வேண்டாம், கணுக்கால் எக்ஸ்ரேயில் அது மிகச் சொற்பம்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் குடித்திருப்பவர்களுக்கும் இந்தச் சோதனை செல்லாது, வலி சரியாகத் தெரியாது. வளரும் பிள்ளைகளுக்கு ஜவ்வைவிட எலும்பு நுனியின் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளமாக வளரும் இடம்) பலவீனமானது, சுளுக்கு என்று நினைப்பது அந்தத் தட்டின் முறிவாக இருக்கலாம். இவர்களை நேராக மருத்துவரிடம் காட்டுங்கள்.

தயவுசெய்து எண்ணெய் போட்டு நீவாதீர்கள். முறிவு இருந்தால் எலும்பு விலகும், இல்லாவிட்டாலும் உள்ளே ரத்தக்கசிவு கூடும். மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் வீக்கம் ஏறி, ரத்த ஓட்டம் நின்று, கையையோ காலையோ எடுக்க வேண்டி வந்த பிள்ளைகள் உண்டு. பாரம்பரியத்தை இழிவுபடுத்துகிறேன் என்று கோபப்படுபவர்கள், கட்டிய பிறகு விரல் நுனி சில்லிட்டிருக்கிறதா, நீலமாக இருக்கிறதா என்று பார்க்கவாவது கற்றுக்கொள்ளட்டும்.

இப்போதைக்குத் துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. கிரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். படுக்கும்போது தலையணை வைத்துக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் வையுங்கள். கால் கோணியிருந்தால், எலும்பு வெளியே தெரிந்தால், பாதம் மரத்தால் எதையும் நேராக்க முயலாமல், அட்டை வைத்து அசையாமல் கட்டி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடக் கொடுக்க வேண்டாம்.

விதிகளின்படி சுளுக்குதான் என்று தெரிந்தாலும், ஒரு வாரத்தில் காலூன்றி நடக்க வரவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.