"அநியாயம்", "அநீதி" இரண்டும் ஒன்றுதானா? எதை எங்கே பயன்படுத்துவது?

அகராதியில் பார்த்தால் ஒன்றுதான். இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கம் வளர்ந்த என் காதுக்கு வேறு வேறு.

அநீதி என்றால் அதைச் செய்த ஆள் ஒருவர் இருக்க வேண்டும். அரசு, அதிகாரி, தீர்ப்புச் சொன்னவர், யாரோ ஒருவர். அதனால்தான் அதை எதிர்த்து வழக்குப் போடலாம், பதாகை பிடிக்கலாம். அநியாயத்துக்கு ஆள் தேவையில்லை.

எங்கள் அயலில் ஒரு ஐயா தென்னம்பிள்ளை வைத்திருந்தார். இன்னும் ஒரு வருசத்தில் பாளை வரும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்த மனுசன். ஒரே இரவில் யானை வந்து வரிசையாகக் குருத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போய்விட்டது. விடிய நாங்கள் போனபோது, கிழிந்த குருத்தோலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "அநியாயம், அநியாயம்" என்றபடி நிற்கிறார். நான் யானையைத் திட்டினேன். அவர் திரும்பி, "அது என்னடா செய்யும், அதுக்கும் பசிதானே" என்றார். யானையில் பிழை இல்லை, ஆனால் நடந்தது அநியாயம். இந்த இடத்தில் அநீதி என்று போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும்.

இன்னொன்று, எங்கள் பேச்சில் வீணாக்குவதற்கும் இதே சொல்தான். கோப்பையில் சோற்றை மிச்சம் விட்டால் அம்மம்மா "சோத்தை அநியாயமாக்காதை" என்பார். வெட்டுக்கு நிற்கிற நெல் மாசி மழையில் படுத்தாலும் "அநியாயமாப் போச்சு". நல்ல விளைச்சலுக்கு அந்த முடிவு தகாது என்கிற நியாயக் கணக்கு அதற்குள் இருக்கிறது.

2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கினார்கள். எங்கள் ஒழுங்கை அம்மா ஒருவரும் பிறகு போய்வந்தார். அங்கே அவர் பிடித்த மட்டையில் இருந்தது "நீதி வேண்டும்". வீட்டில் மகனின் படத்தைத் துடைக்கும்போது சொல்வது "அநியாயமா விட்டிட்டனே". யாரையும் குற்றம் சாட்டாமல், தன்னையே கொஞ்சம் குற்றம் சாட்டிக்கொண்டு. இதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியாது.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். முறைப்பாட்டுக் கடிதத்திலும் கட்டுரையிலும் அநீதி. மீன் விலைக்கு அநியாயம்: "அநியாய விலை" என்போம், "அநீதி விலை" கிடையாது. தமிழ்நாட்டு நண்பர்கள் "அநியாயத்துக்கு நல்லவன்" என்பார்கள், அங்கே அது வெறும் அளவுச் சொல். எங்களிடம் நியாயமும் அளவுச் சொல் ஆகும்: "நியாயமான தூரம் நடக்கோணும்" என்றால் நன்றாகக் கால் உளையும் என்று அர்த்தம். ஆனால் "அவன் நியாயம் கதைக்கிறான்" என்று யாராவது சொன்னால் பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். வாய்க்காரன் என்கிறார்கள்.