மகள் ஜி.ஐ.எஸ். படிக்கட்டுமா?

அம்மா, உயர்தரத்தில் புவியியலில் ‘ஏ’ எடுத்த பிள்ளை ஜி.ஐ.எஸ்., அதாவது புவியியல் தகவல் முறைமை, படிக்கப் போகிறேன் என்கிறாள், கம்பியூட்டரில் படம் கீறுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். படம் கீறுவதோடு நிற்பதென்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்கான கியூஜிஐஎஸ் இலவச மென்பொருள். கெட்டிக்காரப் பிள்ளை யூடியூப் பார்த்தே பழகிவிடும்.

எந்த லேயரை, அதாவது வரைபடத்தில் அடுக்காகப் போடும் எந்தத் தரவை, அடிப்படையாக வைப்பது என்று தெரிந்த ஆளைத்தான் அலுவலகங்கள் தேடுகின்றன. யாழ் மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள். அவற்றின் எல்லைகளை யாரோ இணையத்தில் ஏற்றியும் வைத்திருப்பார்கள், நில அளவைத் திணைக்களமும் வைத்திருக்கிறது. திரையில் இரண்டும் ஒரேமாதிரித்தான் இருக்கும். பிழையான கோட்டை வைத்து வெள்ள நிவாரணக் கணக்கெடுத்தால், நாலு வீடு பக்கத்து விதானையார் பிரிவுக்குப் போய்விடும். பிறகு யார் பதில் சொல்வது?

சில பிழைகள் உடனே தெரியும். இடங்களை எண்களால் குறிக்கும் பழைய இலங்கை ஆள்கூற்று முறையின் தொடக்க எண் கிழக்குக்கும் வடக்குக்கும் 200,000 மீற்றர், 1999 முறையில் 500,000. பழைய தரவைப் புதியதென்று திறந்தால் யாழ்ப்பாணம் மேற்கே 300, தெற்கே 300 கிலோமீற்றர் நகர்ந்து கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் கிடக்கும். சிரித்துவிட்டுத் திருத்தலாம். அளவுத்திட்டப் பிழைதான் பொல்லாதது. 1:50,000 வரைபடத்தில் அரை மில்லிமீற்றர் கோடு நிலத்தில் 25 மீற்றர். ஒரு பரப்புக் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 16 மீற்றர்தான் வரும். அந்த லேயரை வைத்து வேலிச் சண்டை தீர்க்கப் போனால் காணியே கோட்டுக்குள் மறைந்துவிடும்! அதற்கு நில அளவையாளரின் வரைபடம் வேண்டும்.

கலைப்பிரிவுப் பிள்ளை என்றபடியால் யாழ் பல்கலைக்கழகப் புவியியற்றுறை சரியான வழி. நில அளவையாளராகும் ஆசை இருந்தால் அது வேறு பாதை. சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டப்படிப்பு இருக்கிறது, ஆனால் அதற்குக் கணிதப் பிரிவு வேண்டும். முடித்த கையோடு அரச வேலை என்று நம்பியிருக்க வேண்டாம்; நீர் வழங்கல், அனர்த்த முகாமைத்துவம், நகரத் திட்டமிடல் சார்ந்த ஒப்பந்த வேலைகளையும் பார்க்கட்டும்.

கம்பஸ் தொடங்கும் வரைக்கும் உங்கள் ஊர்க் கிணறுகளை ஒரு வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு லேயருக்கும் யார் செய்தது, எந்த ஆண்டு, என்ன அளவுத்திட்டம், எந்த ஆள்கூற்று முறை என்று எழுதி வைக்கட்டும். நேர்முகத் தேர்வுக்கு அதையே கொண்டு போகலாம். அப்புறம், சிங்களமும் கொஞ்சம் படிக்கட்டும். தரவு கேட்டுக் கொழும்புக்குப் போகும்போது உதவும்.