பஞ்சாபி சூட்டில் பஞ்சு உருண்டை

பிரிக்ஃபீல்ட்ஸில் வாங்கிய பஞ்சாபி சூட், நாலே துவைப்பில் இடுப்போரம் உருண்டை உருண்டையாகிவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். வலது பக்கம் மட்டும் என்கிறீர்களே, அது ஹேண்ட்பேக் உரசும் இடம்தான் சிஸ்டர்.

கையால் பிய்க்காதீர்கள், இழை இன்னும் வெளியே வரும். துணியை மேசையில் விரித்து, பேட்டரியில் ஓடும் உருண்டை வெட்டும் மெஷினை அழுத்தாமல் ஓட்டுங்கள். எம்பிராய்டரி பக்கம் போகவே வேண்டாம். பாலியஸ்டர் கலந்த துணி என்றால் திரும்பவும் வரும். பருத்தியில் உருண்டை பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் இழை கெட்டி, லேசில் விடாது.

இனிமேல் உள்பக்கம் திருப்பி, வலைப்பையில் போட்டுத் துவையுங்கள். துண்டு, ஜீன்ஸோடு சேர்க்காதீர்கள். டோபி கடை டிரையரும் வேண்டாம். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு? மழை நாளென்றால் ஃபேனுக்கு அடியில் காயட்டும்.