பனியன் எப்படி உருவாகிறது என்று குழந்தைகளுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

நாம் வாங்கும் பொருள் எப்படித் தயாராகிறது, அதற்குப் பூமியிலிருந்து எதை எடுக்கிறோம் என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வழி கேட்டிருக்கிறீர்கள். திருப்பூர்ப் பக்கம் என்றால் பாடம் அவர்கள் உடம்பிலேயே இருக்கிறது.

பனியனை உள்பக்கம் திருப்பி, ஓரத்தில் ஒரு இழையை உருவிக் காட்டுங்கள். தையல், கட்டிங், சாயப்பட்டறை, நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), நூல் மில், பருத்திக் காடு என்று பின்னோக்கிப் போகலாம். ஒரு பருத்தி டீ-சர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

சாயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பேசுங்கள். சாயம் பருத்தியில் ஏற நிறைய உப்புச் சேர்க்கிறார்கள். ஒரு டம்ளரில் உப்பைக் கரைத்துவிட்டு, இதை எப்படித் திரும்பப் பிரிப்பது என்று கேளுங்கள். கொதிக்கவைத்தால் வரும், ஆனால் அதற்கு விறகு வேண்டுமே! சாயப்பட்டறைகள் வெளியே விட்ட இப்படிப்பட்ட உப்புத் தண்ணீர்தான் நொய்யல் ஆற்றில் கலந்து, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றியிருந்த கிணறுகளையும் கெடுத்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இன்று கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி.

அப்புறம், தொழிலைத் திட்டிப் பேசாதீர்கள். அப்பா அம்மா பனியன் கம்பெனிக்குப் போகும் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். கட்டிங் எப்படி நடக்கிறது என்று அவர்களையே சொல்லவிடுங்கள்.